ரகசிய சுவிட்சுக்கு ஒரு பொட்டு

எங்கள் வண்டியைத் திருட வந்தவர்களுக்கு உதவி செய்தவர் எதிர் பிளாட்டில் குடியிருந்த ஐ.டி. கம்பெனிக்காரர். இதை அவரே தன் வாயால் சொன்னார். வாயில் அப்போது டூத் பிரஷ் இருந்தது.

அன்று விடியற்காலை பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்த அம்மா, வாசலில் வண்டி இல்லாததைப் பார்த்தாள். அப்பா சீக்கிரமே லோடுக்குப் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டு உள்ளே திரும்பினால், அப்பா பாயில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவளுக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்கிறது. அதற்குப் பிறகு திருமுல்லைவாயிலில் எங்கள் தெருவில் யாரும் தூங்கவில்லை.

வண்டி தெருமுனையில், மழைநீர்க் கால்வாய்க்கு ஒரு முழம் முன்னால் நின்றிருந்தது. ஊரெல்லாம் குட்டி யானை என்று சொல்கிற சின்ன லோடு வண்டி. இருபத்திரண்டு வருடம் அடுத்தவர் லாரிகளை ஓட்டிய அப்பாவுக்கு இதுதான் முதல் சொந்த வண்டி. முன்கண்ணாடிக்கு மேலே பெரிய மஞ்சள் எழுத்தில் என் பெயரை எழுதி வைத்திருக்கிறார். அதனால் அன்று தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போகப்பட்டது ஒருவகையில் நானும்தான்.

நாங்கள் மூன்று பேரும் வண்டியைச் சுற்றி நின்றபோது பால்கனியிலிருந்து குரல் வந்தது.

"அண்ணாச்சி, வண்டி ஸ்டார்ட் ஆயிட்டா?"

அவர் தென்காசிப் பக்கத்துக்காரர். அப்பாவை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா ஸ்டார்ட் ஆச்சா?"

"இல்ல, ஷிப்ட் முடிஞ்சு வாரேன், ஒங்க சொந்தக்காரங்க ரெண்டு பேரு தள்ளிக்கிட்டு நின்னாங்கல்லா? பாவம், வேர்த்து ஊத்துது. நானும் இங்கேருந்து அந்த முக்கு வரைக்கும் தள்ளிவிட்டேன். எடுக்கல. பேட்டரிய மாத்துங்கன்னு சொல்லிட்டு வந்தேன்."

"அதுக்கு அவங்க இன்னா சொன்னாங்க?"

"சரிங்க சார்ன்னாங்க. நல்ல மரியாதையான ஆளுங்க."

அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "ஏம்பா, எங்க சொந்தக்காரங்க என்னிக்குப்பா பொழுது விடியறதுக்கு முன்ன எழுந்துகீறாங்க? அதுல இருந்தே தெரிய வாணாமா?"

பிரஷ் வாயிலிருந்து வெளியே வந்தது. அதன் பிறகு ஒரு மாதத்துக்கு அவர் எங்களைப் பார்த்தால் லிப்டுக்குள் ஒளிந்துகொண்டார்.

நான் டிப்ளமோ படித்தவள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கன்ட்ரோல் பேனல் செய்யும் ஒரு கம்பெனியில், வயரிங் முடிந்த பேனல்களைச் சோதித்து அனுப்பும் வேலை. ஒவ்வொரு பேனலுக்கும் நாற்பத்தோரு கேள்விகள் கொண்ட ஒரு தாள் உண்டு. நாற்பத்தொன்றுக்கும் டிக் விழாமல் எதுவும் வாசலைத் தாண்டாது. நாள் முழுக்க அதைச் செய்கிறவளுக்கு வீட்டுக்கு வந்தாலும் கை நிற்பதில்லை. அன்றும் ஒரு தாளை எடுத்தேன். ஒன்று, ஓட்டுநர் பக்கக் கண்ணாடியின் ரப்பர் பிடுங்கப்பட்டிருக்கிறது. இரண்டு, சாவி போடும் இடம் கழன்று வயரில் தொங்குகிறது. மூன்று, பேட்டரி செத்திருக்கிறது; ஆனால் அது திருடர்கள் வேலை இல்லை, அதற்கு முந்தைய வாரமே அப்படித்தான். நான்கு, காணாமல் போனவை: எதுவுமில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் அந்த நான்காவது வரிதான் பிரச்சினை ஆனது.

"இன்னா போச்சு?" என்று ஏட்டு கேட்டார்.

"ஒண்ணும் போவல சார்," என்றார் அப்பா.

"வண்டி?"

"வெளிய நிக்குது சார். அதுலதான் வந்தோம்."

ஏட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, பேனாவை மூடி, மறுபடி திறந்து, முயற்சி என்று எழுதிக்கொண்டார். நன்றாகப் பூட்டி வைக்கச் சொன்னார். வெளியே வந்தபோது அவரும் சேர்ந்துதான் வண்டியைத் தள்ளிவிட்டார். எந்த வேகத்தில் கிளட்சை விட்டால் அது எடுக்கும் என்பது அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்து சீட்டுக்கு அடியில் பெருக்கும்போது ஒரு ஸ்குரூ டிரைவர் கிடைத்தது. பச்சைப் பிடி, நல்ல எஃகு, நான் கம்பெனியில் பயன்படுத்துவதைவிடத் தரமானது. பட்டியலில் ஐந்தாவது வரி சேர்த்தேன்: கூடுதலாக வந்தவை, ஒன்று.

எல்லாவற்றையும் சிரித்துக் கடந்துவிடலாம் போலத்தான் இருந்தது. ஆனால் அன்றிலிருந்து அப்பா வண்டியில் படுக்க ஆரம்பித்தார்.

குட்டி யானையின் கேபினில் ஒரு ஆள் உட்காரலாம், ஒன்றரை ஆள் நெருங்கி உட்காரலாம். படுக்க முடியாது. நடுவில் கியர். அப்பா ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஒரு காலை ஒரு ஜன்னல் வழியாகவும் இன்னொன்றை டேஷ்போர்டு மேலும் போட்டுக்கொண்டு, தலையணையைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துப் படுப்பார். "உங்கப்பனப் பாரு," என்பாள் அம்மா, "ஒரு காலு ஆவடிக்குப் போவுது, ஒரு காலு அம்பத்தூருக்குப் போவுது, ஆளு மட்டும் இங்கயே கீறாரு."

இரண்டு வாரத்தில் அவருடைய பாதங்கள் வீங்கின. செருப்பு போட முடியவில்லை. கிளினிக்கில் டாக்டர் அழுத்திப் பார்த்தார். விரல் பதிந்த பள்ளம் அப்படியே நின்றது. சமமாகப் படுக்க வேண்டும், காலைக் கொஞ்சம் உயர்த்தி வைக்க வேண்டும், இப்படியே தொடர்ந்தால் வண்டி ஓட்டுவதையே நிறுத்த வேண்டி வரும் என்றார்.

"உசத்திதான் வெச்சிக்கினு கீறேன்," என்றார் அப்பா வெளியே வந்ததும். "டேஷ்போர்டு ஒசரம் போதாதா?"

அன்று அம்மா அவரைச் சாப்பிட உள்ளே கூப்பிடவில்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டு வண்டி போனட் மேல் வைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் நான் அவர் பக்கத்தில், அந்த ஒன்றரை ஆள் இடத்தில் மீதி அரை ஆளாகப் போய் உட்கார்ந்தேன்.

"ப்பா, என்ன பண்ணா நீங்க உள்ள வந்து படுப்பீங்க?"

அவர் யோசித்தார். "எவன் வந்தாலும் இத எடுக்கவே முடியாதுன்னு நீ காட்டு பாப்பா. அன்னிக்கே உள்ள வந்துர்றேன்."

பேனலை வாங்கிக்கொள்ளும் வாடிக்கையாளர் வாயிலிருந்து நிபந்தனை வந்துவிட்டால் எனக்கு வேலை சுலபம். தாளை எடுத்தேன்.

முதல் வரியிலேயே சண்டை வந்தது. புது பேட்டரி போட வேண்டும் என்று எழுதியிருந்தேன். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. "பழைய பேட்டரிதான் வண்டிய காப்பாத்திச்சு. புதுசு போட்டா யாருக்கு சவுகரியம்? எனக்கா, அவனுக்கா?" கடைசியில், மிச்ச எல்லா வரிகளுக்கும் டிக் விழுந்த பிறகு பேட்டரி என்று முடிவானது.

இரண்டாவது, ஸ்டியரிங்கையும் பிரேக் பெடலையும் சேர்த்துப் பூட்டும் இரும்புச் சங்கிலி. வாங்கினோம். அப்பா அதை ராத்திரி மட்டும் போடுவார். பகலில் ஐந்து நிமிட வேலைக்கு யார் போடுவது என்பார். அவருடைய எல்லா வேலையும் ஐந்து நிமிட வேலைதான்.

மூன்றாவது, தனி பேட்டரியோடு வரும், அசைந்தால் கத்தும் அலாரம். இது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். எங்கள் தெருவில் தண்ணீர் லாரி போனாலே ஜன்னல் கம்பிகள் அதிரும் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. முதல் நாளே தண்ணீர் லாரிக்கு இருமுறை, குப்பை வண்டிக்கு ஒருமுறை, முதுகைச் சொறிந்துகொள்ள வந்த எருமைக்கு ஏழெட்டு முறை அது கத்தியது. சாயங்காலம் தெருவே திரண்டு வந்து, வண்டியைத் திருடர்களிடமே கொடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டது. கழற்றிவிட்டேன்.

நான்காவதுதான் என் பெருமை. டீசல் பம்புக்குப் போகும் மின்கம்பியை நடுவில் வெட்டி, ஒரு சிறிய சுவிட்ச் வழியாக இணைத்தேன். சுவிட்ச் அணைந்திருந்தால் சாவி போடலாம், செல்ஃப் அடிக்கலாம், என்ஜின் கர் கர் என்று சுற்றும், ஆனால் உயிர் வராது. தள்ளினாலும் வராது. எத்தனை ஐ.டி. கம்பெனிக்காரர்கள் சேர்ந்து தள்ளினாலும் வராது. சுவிட்சை டேஷ்போர்டின் அடிப்பக்கம், ஸ்டியரிங் தண்டுக்குப் பின்னால், இருட்டான ஒரு மடிப்பில் வைத்தேன். கறுப்புப் பிளாஸ்டிக்கில் கறுப்பு சுவிட்ச். கண்ணுக்குத் தெரியாது; இடது கை ஆள்காட்டி விரலுக்கு மட்டும் தெரியும்.

"இது நம்ம மூணு பேருக்குள்ள இருக்கணும்," என்றேன்.

"செத்தாலும் சொல்ல மாட்டேன்," என்றார் அப்பா. மறுநாளே சி.டி.எச். ரோட்டு லோடு வண்டி ஸ்டாண்டில் இருந்த ஏழு டிரைவர்களிடமும் சொல்லிவிட்டார். இடத்தைச் சொல்லவில்லை, சுவிட்ச் இருப்பதை மட்டும் சொன்னாராம். "எம் பொண்ணு வெச்சிகீது. எவனாவது கண்டுபிடிங்கடா பாக்கலாம்." டீ வருவதற்குள் கண்டுபிடிக்க வேண்டும் என்று போட்டி. ஒவ்வொருவராக ஏறி, குனிந்து, மிதியடியைத் தூக்கி, சீட்டைத் தட்டி, ஆஷ்ட்ரேயில் விரலை விட்டு, இறங்கினார்கள். ஒருவர் வந்த டீ ஆறும்வரை ஹாரனை ஆராய்ந்தார். ஸ்டாண்டிலேயே கெட்டிக்காரர் என்று பெயரெடுத்த ஒரு கண்ணாடிக்காரர் மட்டும் தினம் ஒரு தடவை வந்து முயன்று, தினம் ஒரு தடவை தோற்றார்.

அப்பா முதல் முறையாகச் சிரித்தபடி வீட்டுக்குள் வந்தார். "சரி பாப்பா. ஆயுத பூஜை வருது. வண்டிக்கு நல்லபடியா பூஜை போட்டுட்டு, அன்னிலருந்து உள்ள படுக்கறேன்."

தலையணை உறையை அம்மா அன்றே துவைத்துப் போட்டாள்.

ஆயுத பூஜை எங்கள் வீட்டில் விட்டுக்கொடுக்காத பண்டிகை. உழைக்கிற பொருள் எதுவும் பொட்டில்லாமல் இருக்கக் கூடாது. அரிவாள்மனை, மிக்சி, தையல் மெஷின், பிரிட்ஜ், என் மல்டிமீட்டர், என் லேப்டாப், எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள் அம்மா. அந்தப் பச்சைப் பிடி ஸ்குரூ டிரைவருக்கும் வைத்தாள். "வந்த ஊட்ல ஒழுங்கா கீது, அதுக்கு இன்னா கொறச்சல்?" என்றாள். வண்டி அப்பாவின் பொறுப்பு. கழுவி, முன்னால் வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, நான்கு டயருக்கும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பூசணிக்காய் உடைத்தார். பிறகு பொரியும் சுண்டலும் எடுத்துக்கொண்டு ஸ்டாண்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார். நானும் ஏறிக்கொண்டேன்.

கண்ணாடிக்காரர் பொரியை வாயில் போட்டுக்கொண்டே வழக்கம்போல ஒருமுறை குனிந்து பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"அண்ணாத்தே! உன் ரகசியம் பொட்டு வெச்சிக்கினு உக்காந்துகீது அண்ணாத்தே!"

நான் குனிந்தேன். கறுப்பு மடிப்பில், கறுப்பு சுவிட்சின் மேல், வட்டமாகச் சந்தனம். நடுவில் சிவப்பாகக் குங்குமம். இருட்டில் அது மட்டும் பளிச்சென்று இருந்தது. ஏழு டிரைவர்களும் வரிசையில் வந்து, குனிந்து, தரிசனம் செய்துவிட்டுப் போனார்கள். ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ப்பா!"

"இன்னா பாப்பா? வண்டிய காப்பாத்தறதே அதுதான். டயருக்கு வெச்சேன், ஸ்டியரிங்குக்கு வெச்சேன், வைப்பருக்குக் கூட வெச்சேன். அத மட்டும் உட்டுட்டா நல்லாவா இருக்கும்?"

"ரகசியம்னு சொன்னேன்ல."

"சாமிகிட்ட இன்னா ரகசியம்?"

துடைத்துவிடலாம் என்றால் அதற்கும் விடவில்லை. பூஜையில் வைத்த பொட்டை அழிக்கக் கூடாது. அதுவாகப் போனால்தான் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் அம்மாவும் அவர் பக்கம். அதைவிட மோசம், இப்போது ஸ்டாண்டு முழுக்கத் தெரிந்துவிட்டது. ஸ்டாண்டுக்குத் தெரிந்தால் ஆவடி வரைக்கும் தெரியும். அன்று சாயங்காலம் அப்பா துவைத்த உறை போட்ட தலையணையை எடுத்துக்கொண்டு, வீங்கிய காலோடு, மறுபடி வண்டிக்கே போய்விட்டார்.

அம்மா என்னைப் பார்த்தாள். பொட்டு வைத்தவரை விட்டுவிட்டு, சுவிட்ச் வைத்தவளைப் பார்த்தாள்.

நான் பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுத உட்கார்ந்தேன். பொட்டை எடுக்க முடியாது. பொட்டு வைக்காதே என்று அடுத்த வருடமும் சொல்ல முடியாது. எடுக்க முடியாததைக் கூட்டலாம் அல்லவா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆவடி மார்க்கெட்டில் அதே மாதிரி ஆறு சுவிட்ச் வாங்கினேன். ஒன்றை ஸ்டியரிங்குக்கு அந்தப் பக்கம், ஒன்றை சீட்டின் விளிம்பில், ஒன்றைக் கியருக்குப் பின்னால் என்று ஆறு இடத்தில் பொருத்தினேன். உண்மையானதையும் இடம் மாற்றினேன். அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்து ஏழுக்கும் பொட்டு வைத்தாள். ஏழும் ஒரே மாதிரி மங்களகரமாக இருந்தன.

ஆறு போலிகளும் சும்மா இருக்கவில்லை. அப்பா ஒரு காலத்தில் ஆசைப்பட்டு வாங்கிய ஒரு ரிவர்ஸ் ஹாரன் பரணில் கிடந்தது. வண்டி பின்னால் போகும்போது குழந்தை அழுவது போலச் சத்தம் போடும். வாங்கிய வாரமே தெருப் பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்ததால் அம்மா அதைத் தடை செய்திருந்தாள். அதைத் தூசி தட்டி, பின்பக்கத் தார்ப்பாய்க்கு அடியில் மாட்டினேன். ஒரு டைமர் சேர்த்தேன். ஆறில் எதைத் தொட்டாலும் மூன்று நிமிடம் அழும். நடுவில் நிறுத்த வழியில்லை. சோதனை ஓட்டத்தை அம்பத்தூர் ஏரிக்கரையில் வைத்துக்கொண்டோம். ஒரு நாய் திரும்பிப் பார்த்தது. மற்றபடி எல்லாம் சரி.

"இப்ப வந்து படுங்க ப்பா."

"பார்க்கலாம் பாப்பா. இது காயிதத்துல கீது. எவனாவது வந்து தோத்துட்டுப் போனாத்தான் நம்பலாம்."

புது பேட்டரி மட்டும் போட ஒப்புக்கொண்டார். திருடன் வந்து முயல்வதற்கு அது தேவை என்று நினைத்திருப்பார்.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை. எதிர் பிளாட்டுக்காரர் பாரிவாக்கத்தில் புதிதாகக் கட்டிய ஒரு குடியிருப்புக்கு வீடு மாறினார். வேறு வண்டி கூப்பிட அவருக்குத் தைரியம் இல்லை, அப்பாவைத்தான் கூப்பிட்டார். எனக்கு விடுமுறை. அவருடைய சாமான்களுக்கு எண் போட்டு, அறுபத்து மூன்று வரிகள் கொண்ட ஒரு தாளோடு நானும் போனேன்.

ஐம்பத்தெட்டாவது வரி, பீரோ. இரண்டாவது மாடி. லிப்டு இன்னும் வேலை செய்யவில்லை. அப்பா மேலிருந்து இழுக்க, எதிர் பிளாட்டுக்காரர் கீழிருந்து தள்ள, முதல் மாடிக்கு மேல் படி திரும்பும் இடத்தில் பீரோ சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. நானும் அப்பாவும் மேல்பக்கம், அவர் கீழ்ப்பக்கம். படிக்கட்டுச் சுவரில் காற்றுக்காக விட்டிருந்த ஓட்டை வழியாகக் கீழே வண்டியின் முகம் தெரிந்தது. என் பெயரும் தெரிந்தது. பெயருக்குக் கீழே, கண்ணாடிக்குள், ஓட்டுநர் சீட்டில் கட்டம்போட்ட சட்டை ஒன்று தெரிந்தது.

அப்பாவின் சட்டை நீலம். அவர் என் பக்கத்தில் இருந்தார்.

"ப்பா, சங்கிலி போட்டீங்களா?"

"அஞ்சு நிமிஷ வேலதானேன்னு..."

கீழேயிருந்து கர்ர்ர் என்று சத்தம் வந்தது. புது பேட்டரி, நன்றாகவே சுற்றியது.

"டேய்! எறங்குடா! டேய்!" அப்பா ஓட்டையில் வாயை வைத்துக் கத்தினார். பக்கத்துக் கட்டடத்தில் டைல்ஸ் அறுத்துக்கொண்டிருந்தார்கள். குரல் அதில் காணாமல் போனது. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நுழையப் பார்த்தார். தலை போனது, ஒரு தோள் போனது, வயிற்றில் மாட்டிக்கொண்டார். நான் அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன்.

"உடு பாப்பா! வண்டி போவுது!"

"போகாது ப்பா. ரெண்டாவது தடவை அடிக்கிறான். உயிர் வரல."

கையெழுத்துப் போட்டு அனுப்பிய பேனல் முதல்முறை மின்சாரம் பார்க்கும்போது எனக்கு உள்ளங்கை ஈரமாகும். அன்றும் ஆனது. அதை அப்பாவின் சட்டையிலேயே துடைத்துக்கொண்டேன்.

மூன்றாவது கர்ர்ர். நான்காவது. பிறகு அமைதி. கட்டம்போட்ட சட்டை குனிந்து மறைந்தது.

"தேடறான்," என்றேன்.

"பொட்டப் பார்த்துடுவான்!"

"பார்க்கட்டும் ப்பா. பார்க்கறதுக்குத்தானே வெச்சிருக்கோம்."

சரியாக அப்போது குழந்தை அழ ஆரம்பித்தது. பசியில் தொடங்கி, கோபத்துக்கு ஏறி, மூச்சை இழுத்து, மறுபடி முதலிலிருந்து. டைல்ஸ் அறுக்கும் மெஷின் நின்றுவிட்டது. தரைத்தளத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. துடைப்பத்தோடு ஒருவர், தேங்காய்ப் பத்தையோடு ஒருவர், தலையில் துண்டு சுற்றிய ஈரத்தோடு ஒருவர். அரை நிமிடத்தில் வண்டியைச் சுற்றி எட்டுப் பெண்கள்.

"யார்ரா அது, கொழந்தைய லோடு வண்டில போட்டுக்கினு வந்தது?"

"தார்ப்பாய்க்கு உள்ள கீது பாருக்கா! இந்த வெயில்ல!"

"அக்கா, எனக்குக் கொழந்தையே இல்லக்கா!" என்றது சட்டை.

"பெத்தவன் பேசற பேச்சாடா இது? கொழந்த கத்துது, நீ ஸ்டியரிங்க புடிச்சிக்கினு குந்திகீற! பொண்டாட்டி எங்க?"

"கல்யாணமே ஆவலக்கா!"

"அய்ய, இது வேறயா!"

அவன் அழுகையை நிறுத்த இன்னொரு பொட்டை அழுத்தியிருக்க வேண்டும். டைமர் மறுபடி மூன்று நிமிடத்தில் தொடங்கியது. பீரோவுக்குக் கீழ்ப்பக்கம் சுதந்திரமாக இருந்த ஒரே ஆள் எதிர் பிளாட்டுக்காரர்தான். அவர் படிகளில் இறங்கி ஓடுவதை ஓட்டை வழியாகப் பார்த்தேன். வண்டி ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் மூச்சு வாங்க நின்றார்.

எட்டுப் பெண்களுக்கு நடுவில் ஒரு ஆண் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தலையை வெளியே நீட்டி, "சார், சார், ஒரு கை குடுங்க சார். வண்டி மக்கர் பண்ணுது," என்றான்.

"ஒரு தடவ குடுத்தாச்சுல்லா," என்றார் அவர். ஜன்னல் வழியாகக் கையை விட்டுக் காலரைப் பிடித்தார்.

திருடன் மறுபக்கக் கதவைத் திறந்தான். பொத்தான்கள் தெறித்தன. சட்டையிலிருந்து வாழைப்பழம் மாதிரி உரிந்து வெளியே வந்து, பூந்தமல்லி திசையில் பனியனோடு ஓடினான். சட்டை மட்டும் எதிர் பிளாட்டுக்காரர் கையில் இருந்தது. பெண்கள் யாரும் துரத்தவில்லை. அவர்கள் தார்ப்பாயை அவிழ்த்துக் குழந்தையைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

எங்களை மீட்க ஒரு மணி நேரம் ஆனது. கடைசியில் பீரோவின் கதவுகளை என் பையில் இருந்த அந்தப் பச்சைப் பிடி ஸ்குரூ டிரைவரால்தான் கழற்றினேன். அந்த ஹாரன் எப்படி வேலை செய்கிறது என்று எட்டுப் பேருக்கும் விளக்கிக் காட்ட வேண்டியிருந்தது. துடைப்பம் வைத்திருந்தவர் மட்டும் கடைசிவரை நம்பாமல் சீட்டுக்கு அடியிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

அன்று முதலில் வந்த இருவரில் ஒருவன்தானா இவன் என்று எதிர் பிளாட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மொகம் ஞாபகம் இல்ல. மரியாதை அதே மரியாதைதான்."

ஸ்டேஷனில் அதே ஏட்டு. எங்களைப் பார்த்ததும் பேனாவைத் திறந்தார். "இந்த வாட்டி இன்னா போச்சு?"

"ஒண்ணும் போவல சார்," என்று அப்பா சட்டையை மேஜை மேல் வைத்தார். "இது வந்துகீது."

அன்று சாயங்காலம் அப்பா வண்டியை வாசலில் நிறுத்தி, சங்கிலி போட்டார். கேபினிலிருந்து தலையணையை எடுத்துத் தட்டினார். ஒரு கையில் தலையணையும் மறுகையில் செருப்புமாக உள்ளே வந்து, ஜன்னலுக்குப் பக்கத்தில் பாயை விரித்தார். அம்மா இரண்டாவது தலையணையைக் கொண்டுவந்து அவர் கால்களுக்கு அடியில் வைத்தாள். அவர் படுத்தபடியே வண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரும்பிப் படுத்துக் குறட்டை விட ஆரம்பித்தார்.

"வண்டியிலயே இருந்திருக்கலாம்," என்றாள் அம்மா காதைப் பொத்திக்கொண்டு. ஆனால் ஜன்னலை அவள்தான் சாத்தினாள்.

இப்போது கால் வீக்கம் வடிந்துவிட்டது. செருப்பு பொருந்துகிறது. பட்டியலில் எல்லா வரிகளுக்கும் டிக் விழுந்துவிட்டது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். சுவிட்சுகள் ஸ்டியரிங்குக்கு அந்தப் பக்கம், சீட்டு விளிம்பு, கியருக்குப் பின்னால் என்றெல்லாம் மேலே எழுதியிருக்கிறேன். இதைப் படிப்பவர்கள் எல்லோரும் நல்லவர்கள் என்றுதான் நம்புகிறேன். இருந்தாலும், அந்த இடங்களில் எல்லாம் பொட்டு இருக்கிறது. அழுத்திப் பாருங்கள். மூன்று நிமிடம் ஆகும். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து கேட்கும்போது சொல்வதற்கு ஒரு பதிலோடு வாருங்கள்.